எடுக்கறதுக்குள்ள வந்துடுவானா?

சென்னைக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம் என்று என்னிடம் முதன்முதலில் கேட்டது வடக்குப்பட்டுப் பெரியம்மா. 2015-ஆம் வருஷம். அண்ணன் ஜப்பானுக்குக் கிளம்ப இன்னும் நாலு நாள்தான் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

நான் பத்திரிகைக்காரன். அதற்கு மேல் பி.காம். நம்பர் கேட்டால் நம்பர் சொல்லிவிடுகிற ஆசாமி.

“ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பெரியம்மா.”

“கிலோமீட்டரை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நேரம் சொல்லு.”

“சிங்கப்பூர்ல ப்ளேன் மாறணும். எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு மணி நேரம்னு வெச்சுக்கோயேன்.”

பெரியம்மா கீரையை முறத்தில் போட்டாள். உள்ளே அண்ணி இருக்கிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்க வந்ததைக் கேட்டாள்.

“எடுக்கறதுக்குள்ள வந்துடுவானா?”

எதை எடுப்பது, எப்போது எடுப்பது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வருகிற முதல் போனில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். ‘எப்ப எடுக்கறாங்க?’ பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ‘பெரிய பையன் வரணும். ப்ளேன் ஏறிட்டானாம்.’

நான் யோசிக்கவே இல்லை. “வந்துடுவான் பெரியம்மா. ஒரு நாள் போதும்” என்றேன்.

அந்த ‘ஒரு நாள்’ சும்மா வாயில் வந்த வார்த்தையில்லை. அன்றைக்கு ராத்திரி நிஜமாகவே கணக்குப் போட்டேன். அண்ணன் மகளுக்கு அப்போது பத்து வயசு. அவளுடைய ஸ்கூல் குளோப் ஒன்று இருந்தது. ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சென்னை மேல் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மறுமுனையை நான் டோக்கியோ மேல் வைத்து இழுத்தேன். சுவரில் மாட்டுகிற மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வியட்நாம் பக்கமாகப் போகும். குளோப்பில் நூலை விறைப்பாகப் பிடித்தால் அது தானாகவே கொஞ்சம் வடக்கே ஏறிக்கொள்கிறது. வங்காள விரிகுடா, மியான்மர், தென் சீனா என்று போய் ஜப்பானைத் தொடுகிறது. பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்கு வழி. இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவே இத்தனை கிலோமீட்டர் என்று போடுகிறார்களே, அது இந்த நூலின் நீளம்தான்.

ஆனால் பயணிகள் நூல் பிடித்துப் போவதில்லை. டிக்கெட் பிடித்துத்தான் போகிறார்கள். டோக்கியோவின் நரிட்டா ஏர்போர்ட்டிலிருந்து சிங்கப்பூர் 5,350 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை 2,900 சொச்சம். கூட்டினால் 8,200-ஐத் தாண்டுகிறது. நேர்வழியைவிட ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகம்.

நேரக் கணக்கு இன்னும் மோசம். அண்ணன் தங்கப்போவது யோகோஹாமா பக்கம். நரிட்டாவோ டோக்கியோவிலிருந்தே அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து அங்கே போக 2 மணி நேரம். முன்னதாகப் போய் நிற்க 3. சிங்கப்பூர் வரை 7. அங்கே காத்திருக்க 4. சென்னை வரை 4. இமிக்ரேஷன், பெட்டி என்று 1. மீனம்பாக்கத்திலிருந்து வடக்குப்பட்டுக்கு 2. மொத்தம் 23. வானத்தில் பறப்பது வெறும் பதினோரு மணி நேரம். மிச்சம் பன்னிரண்டும் தரையில் போகிறது. காஸ்ட் அக்கவுன்டிங்கில் ‘ஓவர்ஹெட்’ என்று ஒன்று படித்தேன். சரக்கின் விலையைவிட அது அதிகமாகிவிட்டால் கம்பெனியை மூடு என்பார் எங்கள் புரொபசர். விமானப் பயணத்தை யாரும் மூடுவதில்லை.

வடக்குப்பட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாம்பரம், முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் போனால் அந்தப் பக்கத்துக் கிராமம். மீனம்பாக்கத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஏரி, வயல், பனைமரம் என்று இருந்த சுற்றுவட்டாரம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை. அவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் வரிசையாகப் பின்னால் வந்தன. கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் எல்லோரும் வாலாஜாபாத் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இங்கே வந்தால் நம்மவர்கள் அங்கே போக வேண்டும் அல்லவா? டிப்ளமா படித்து, ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, யோகோஹாமாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் அண்ணனும் ஒருவர். அண்ணியும் பெண்ணும் ஊரிலேயே இருந்தார்கள்.

முதல் லீவில் வந்தபோது அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டார். “போறப்போ சீக்கிரம் போயிடறேன்டா. வர்றப்போதான் இழுத்துக்கினே இருக்கு. ஊருக்கு வர்ற ஆசையில எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

தோன்றுவதில்லை, நிஜம். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அது ரொம்பவே வேகம். போகும்போது முதுகைத் தள்ளும். வரும்போது மார்பில் அடிக்கும்.

இதை அளந்து எழுதியவர்களில் முதல் ஆள் ஒரு ஜப்பான்காரர் என்பதுதான் வேடிக்கை. வசாபுரோ ஓயிஷி என்ற வானிலை விஞ்ஞானி. 1920-களில் தடேனோ என்ற இடத்திலிருந்து பலூன் பலூனாகப் பறக்கவிட்டு, மேலே இப்படியொரு காற்று இருப்பதைக் கண்டுபிடித்தார். உலகத்துக்கே தெரியட்டும் என்று 1926-ல் அதை எஸ்பெரான்டோவில் வெளியிட்டார். உலகப் பொதுமொழி என்று உருவாக்கப்பட்ட மொழி அது. எல்லோருக்கும் பொதுவான மொழியில் எழுதியதால், ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை! 1944-ல் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

சரி, போகும்போது மிச்சமாவதும் வரும்போது செலவாவதும் சமமாகி டேலி ஆகிவிடாதா? பி.காம். புத்தி அப்படித்தான் கேட்டது. போட்டுப் பார்த்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம், 100 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500 கிலோமீட்டரில் போகும்போது 43 நிமிஷம் மிச்சம். வரும்போது 54 நிமிஷம் நஷ்டம். டேலி ஆகவில்லை. காற்று கொடுப்பதைவிட எடுப்பது எப்போதும் கொஞ்சம் கூடத்தான். எதிர்க்காற்றில் வண்டி மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றில் இருக்கும் நேரமும் கூடிவிடுகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி.

2019 அக்டோபர் கடைசியில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நரிட்டாவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் விட்டது. வாரத்துக்கு மூன்று நாள். இங்கிருந்து போக எட்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து வர ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். அண்ணன் கேட்ட சந்தேகத்தை டைம்டேபிளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரகடம் பக்கம் அதைப் பற்றிப் பேசாத ஜப்பான் கம்பெனி இல்லை. எங்கள் வீட்டிலும் பேசினோம். பெரியம்மாவுக்குத்தான் பரம சந்தோஷம். “நேரா இங்கயே வந்து எறங்குதாமே” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதோ விமானம் ஏரிக்கரையில் வந்து நிற்கப்போகிற மாதிரி.

அந்த டிசம்பரில் பெரியப்பா போய்விட்டார். ராத்திரி பத்து மணிக்கு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே விடியற்காலை ஒன்றரை. நான்தான் போன் செய்தேன். அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லலாமா தெரியவில்லை, விடிந்தால் விமானம் இருக்கிற நாள். அண்ணன் காலையில் ஏறிவிட்டார்.

இங்கே ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டி வந்து இறங்கி, ஊர்ப் பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். “எப்ப எடுக்கறது?” என்றார் ஒருவர். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். “பையன் மேல வந்துக்கினு இருக்கான்.” கையை ஆகாசத்தைப் பார்த்துக் காட்டினாள். அத்தனை பேரும் ஒரு நிமிஷம் ஷாமியானாவை அண்ணாந்து பார்த்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் ஐந்தரைக்கு விமானம் இறங்கிவிட்டது. நான் கார் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதற்குப் பிறகுதான் சோதனை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் வரை ஊர்ந்தோம். படப்பையில் ஷிஃப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரகடம் ஜங்ஷனில் கன்டெய்னர் லாரிகள். 6,500 கிலோமீட்டரைப் பத்து மணி நேரத்துக்குள் தாண்டி வந்த மனுஷர், முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்ட இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “எடுத்துட மாட்டாங்க இல்ல?”

எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். அண்ணன் கொள்ளி வைத்தார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னாப்பலயே வந்துட்டான்டா” என்றாள். ஏதோ விமானத்தை நானே ஓட்டி வந்த மாதிரி எனக்கும் ஒரு பெருமை.

2020 மார்ச்சில் அந்த நேர் விமானம் நின்றது. அது மட்டுமா? மார்ச் 23-லிருந்து இந்தியாவுக்கு வழக்கமான வெளிநாட்டு விமானம் எதுவுமே கிடையாது என்று ஆனது. மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27-ல். நடுவே சிறப்பு விமானம், ஒப்பந்த விமானம் என்று சில பறந்தன. ஆனால் விமானம் இருப்பது வேறு, ஏற முடிவது வேறு என்று அந்த இரண்டு வருஷத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

2021 மே மாதக் கடைசி வாரம். இரண்டாவது அலை. பெரியம்மாவுக்குக் கொரோனா இல்லை, இதயம். தூக்கத்திலேயே போய்விட்டாள். குரோம்பேட்டையிலிருந்து பிரஸ் கார்டைக் காட்டிக்கொண்டு கிளம்பினேன். முழு ஊரடங்கு. தாம்பரத்தில் ஆளில்லை, படப்பையில் பஸ்ஸில்லை. நாற்பதே நிமிஷத்தில் வடக்குப்பட்டில் இருந்தேன். இந்த ரோடு இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கவும் வேண்டாம்.

அண்ணனுக்குப் போன் செய்தபோது அவர் ஏற்கெனவே எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். அந்த மே 14-லிருந்து ஜப்பான் ஒரு விதி போட்டிருந்தது. விசா வைத்து அங்கேயே குடியிருப்பவராக இருந்தாலும், இந்தியாவுக்குப் போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. “வரலாம்டா. எப்படியாவது மாறி மாறி வந்துடலாம். மூணு நாள் ஆகும். ஆனா திரும்பிப் போக முடியாது. வேலை போயிடும்.” வீட்டுக் கடன், பெண்ணின் படிப்பு எதையும் அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே. மூன்று நாள் வைத்திருக்கவும் வழியில்லை. அன்றைக்கு ஐஸ் பெட்டி கிடைப்பதே பெரும்பாடு.

“எடுத்துடுங்க” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் இருந்தோம். கொள்ளி வைத்தது நான். அதற்கு முன்னால் வீடியோ காலில் முகத்தைக் காட்டினேன். ஜப்பானிலிருந்து படம் அரை வினாடி தாமதமாக வந்தது. இந்தப் பக்கம் வாய்க்கரிசி போட்டு முடித்த பிறகு அந்தப் பக்கம் அவர் கண் மூடினார். “கொஞ்சம் கிட்டக் காட்டுடா” என்றார். காட்டினேன். “இன்னும் கொஞ்சம் கிட்ட.” அதற்கு மேல் கிட்டப் போக செல்போனில் வழியில்லை.

ஏர்போர்ட் எதுவும் இடம் மாறவில்லை. குளோப்பில் நூல் பிடித்திருந்தால் அன்றைக்கும் அதே 6,500 கிலோமீட்டர்தான் வந்திருக்கும். ‘ஒரு நாள் போதும்’ என்று நான் சொன்ன கணக்கில் காற்று இருந்தது, டிராபிக் இருந்தது, சிங்கப்பூரில் காத்திருக்கும் நேரம்கூட இருந்தது. கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. பெரியம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. டைம்டேபிளைத்தான் படித்துக் காட்டியிருக்கிறேன். அவள் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம், 2022-ல், அதே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை குழி தோண்டியது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. பல ஆயிரம் வருஷத்துக் கற்கருவிகள், மணிகள், பானை ஓடுகள் என்று எடுத்தார்கள். அதில் ரோமானியச் சாடியின் உடைந்த துண்டுகளும் இருந்தன. ஆம்போரா என்பார்கள், ஒயினும் எண்ணெயும் ஊற்றி அனுப்பிய சாடி. நம் ஊருக்கு வெளிநாட்டுச் சரக்கு வர ஆரம்பித்தது ஹூண்டாய் காலத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அந்தச் சாடி எத்தனை நாளில் வந்திருக்கும்? ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். செங்கடல் வாயிலிலிருந்து மேற்குக் கரையின் முசிறிக்கு, பருவக்காற்று பிடித்தால் 40 நாள். ஆனால் வந்தவன் நினைத்த நாளில் திரும்ப முடியாது. காற்று திசை மாற வேண்டும். டிசம்பர், ஜனவரி வரை இங்கேயே காத்திருக்க வேண்டும். அவனுக்கும் அங்கே ஒரு அம்மா இருந்திருப்பாள். எப்போது வருவான் என்று அவள் யாரையாவது கேட்டிருந்தால், கடல் எவ்வளவு அகலம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். காற்று திரும்பட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். என்னைவிட நேர்மையான பதில் அது.

இப்போது நம் பக்கம் அவசரமெல்லாம் சரக்குக்குத்தான். 2025-ல் ஒரு செய்தி வந்தது. அமெரிக்கா புது வரி போடப்போகிறது என்றதும் சுமார் 600 டன் ஐபோனைத் தனி விமானங்களில் இங்கிருந்து அனுப்பினார்கள். அதற்காகச் சென்னை ஏர்போர்ட்டில் சுங்க நடைமுறை நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைத்தார்களாம். நல்ல விஷயம்தான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனையோ பெண்பிள்ளைகள் அந்த போனைச் செய்துதான் சம்பாதிக்கிறார்கள். மனசு வைத்தால் 30 மணியை 6 ஆக்க முடியும் என்று தெரிந்ததில் எனக்கு சந்தோஷம். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

அண்ணன் 2022-லேயே திரும்பி வந்துவிட்டார், சிங்கப்பூர் மாறி. வந்ததும் நேராகச் சுடுகாட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். எதுவும் பேசவில்லை. இப்போது ஊரோடு இருக்கிறார்.

குளோப்பில் நூல் பிடித்த பெண்ணுக்கு இருபது வயசாகிவிட்டது. ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். போன வாரம் போயிருந்தேன். மொட்டை மாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். மேலே ஏதோ ஒரு விமானம் விளக்கை மினுக்கிக்கொண்டு மீனம்பாக்கம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“ஃப்ராங்க்ஃபர்ட் எவ்ளோ நேரம்டா?”

7,600 கிலோமீட்டர் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“போக பத்து மணி நேரம் சொச்சம்ணா. ஆனா ஜெர்மனி மேற்கே இருக்கு இல்ல? அங்கேர்ந்து வர்றப்போ காத்து பின்னாடி இருந்து தள்ளும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் குறையும்.”

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்போ திரும்பி வர்றதுதான் சீக்கிரம்.”

“ஆமாண்ணா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ‘வந்துடுவா’ என்று நானும் சொல்லவில்லை.